இளைப்பாறவும் கற்கவேண்டும்

நர்ஸ் மாணவிகளுக்கு ஓர் அவசியப் பாடம்

இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணி நெய்வதற்குப் பெயர்போன ஊர் அது. எங்கோ ஒரு தூர ஊரில் ஒருவன் காலில் அடிபட்டுக் கிடக்கிறான் என்றால், அவன் காயத்தைச் சுற்றியிருக்கும் துணி நம் பக்கத்துத் தறியிலிருந்து போனதாக இருக்கக்கூடும். துணியோடு வேறொன்றையும் நம் கிராமங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வருகின்றன. அந்தத் துணியை எடுத்துக் காயத்தில் கட்டும் கைகளைத்தான் சொல்கிறோம்.

வத்திராயிருப்பை அடுத்து, சதுரகிரி மலையின் அடிவாரப் பகுதியில் உள்ள மகாராஜபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்ணைப் பார்த்து, "அடுத்தது என்னம்மா?" என்று கேட்டால், "நர்ஸிங் படிக்கப் போகிறேன்" என்னும் பதில் இப்போது அபூர்வமல்ல. தகப்பனார் கடன் வாங்குகிறார். தாயார் வளையலைக் கழற்றித் தருகிறாள். பெண் ஒரு பெட்டியுடன் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுகிறாள். பட்டப் படிப்பானால் நான்கு வருஷம். டிப்ளமோவானால் மூன்று வருஷம். முடித்து வந்தால் குடும்பத்துக்குச் சம்பளமும் ஆயிற்று, ஜனங்களுக்குச் சேவையும் ஆயிற்று. இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் உபாத்தியாயராக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம்மிடம் படித்துச் சென்ற பெண்கள் முதல் வருஷ விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அவர்கள் முகத்தில் ஏற்பட்டிருக்கும் மாறுதல் பெற்றோருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் அப்படிப்பட்ட மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம்.

"படிப்பு எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டோம்.

"படிப்பு பரவாயில்லை, ஸார். தூக்கந்தான் வருவதில்லை. கண்ணை மூடினால், யாருக்கோ மருந்து கொடுக்க மறந்துவிட்டேன் என்று திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.

அவள் தாயார் உள்ளேயிருந்து, "என்ன ஸார் அதிசயம் இது! மூன்று நாளாய்ப் படுத்தே கிடக்கிறாள். தூக்கம் வரவில்லை என்கிறாளே!" என்றாள்.

இருவர் சொன்னதும் உண்மை. அந்தப் பெண் படுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் இளைப்பாறவில்லை. இவை இரண்டும் ஒன்றென்று நாம் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல என்பதையும், இளைப்பாறுதல் என்பது கற்றுத் தேறவேண்டிய ஒரு பயிற்சி என்பதையும் எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சுமை எத்தகையது?

பதினெட்டு வயதில் மற்றக் கலாசாலைப் பெண்கள் பாடப் புத்தகத்தை மட்டும் சுமக்கிறார்கள். நர்ஸ் மாணவிக்குப் பாடமும் உண்டு, வார்டும் உண்டு. தமிழிலேயே பன்னிரண்டு வகுப்பும் படித்தவள், மனித உடலின் எலும்பையும் நரம்பையும் இங்கிலீஷில் மனப்பாடம் செய்யவேண்டும். பகலில் வகுப்பில் உட்கார்ந்தவள் இரவு ட்யூட்டிக்கும் போகவேண்டியிருக்கும். மருந்தின் அளவைக் கணக்கிடும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கணக்குப் பரீட்சையில் செய்யும் தவறுக்கு ஒரு மார்க் குறையும். இங்கே செய்யும் தவறுக்கு விலை அப்படிப்பட்டதல்ல என்பதை அவள் ஒவ்வொரு கணமும் அறிந்திருக்கிறாள்.

அதற்கு மேல் நோயாளியின் எதிரிலேயே கடிந்துகொள்ளப்படும் அவமானம், நோயாளியின் சுற்றத்தார் காட்டும் கோபம், ஹாஸ்டல் தனிமை, வீட்டுக் கடனைப் பற்றிய நினைவு. எல்லாவற்றுக்கும் சிகரமாக, முதன்முதலாக ஒரு மரணத்தை அருகில் நின்று பார்ப்பது. நேற்று மாலை "நீ எந்த ஊரம்மா?" என்று விசாரித்த கிழவர் இன்று காலை இல்லை. அவர் கட்டிலில் புதிய விரிப்பை விரித்து, அடுத்த நோயாளியை முகமலர்ச்சியுடன் வரவேற்க வேண்டும். இத்தொழிலைப் படிக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கண்ணீரை மறைத்துக்கொள்ளும் கடமை அவர்களுக்கு ஒரு பங்கு கூடுதல்.

கடுமை என்னும் பரம்பரை

இந்தத் தொழிற்கல்வி கட்டுப்பாட்டிலேயே பிறந்து வளர்ந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது 1860-ல். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் பயிற்சி ஆரம்பமாயிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. சுத்தம், நேரம் தவறாமை, கீழ்ப்படிதல் ஆகிய இந்தக் கட்டுப்பாடுகள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. அவற்றை யாரும் குறைகூற முடியாது. ஆனால் கட்டுப்பாட்டோடு கூடவே, 'நல்ல நர்ஸ் களைப்பை வெளியே காட்டமாட்டாள்' என்னும் எண்ணமும் வேரூன்றிவிட்டது.

இதன் பலன் என்ன என்பதை இஸபெல் மென்ஸீஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ந்து, 1960-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே நர்ஸ் மாணவிகளின் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருத்தி ஒரே நோயாளியை முழுவதும் கவனிப்பதற்கில்லை. பலருக்கும் ஒரே விதமான வேலையைச் செய்துகொண்டு போகவேண்டும். நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், கட்டில் எண்ணாலோ நோயின் பெயராலோ குறிப்பிடும் வழக்கம் இருந்தது. அட்டவணைப்படி நடக்கவேண்டும் என்பதற்காக, தூங்குகிற நோயாளியை எழுப்பித் தூக்க மருந்து கொடுத்த வேடிக்கையும் உண்டு! ஒருவரோடும் அதிக ஒட்டுதல் ஏற்படாமல் இருந்தால் மனவேதனையும் ஏற்படாது என்பதே இவற்றின் உட்கருத்து என்று மென்ஸீஸ் கண்டார். ஆனால் வேதனை குறைந்தபாடில்லை. மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினார்கள்.

நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்வது இளைப்பாறுதலுக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

உடலுக்குள் நடப்பது

ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காடுகள் 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அந்தக் காட்டில் நாம் ஒரு புலியைக் கண்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். இருதயம் படபடக்கிறது; மூச்சு மேலெழுகிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; பசி பறந்துவிடுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடிப்போவதற்கோ உடல் இப்படி ஆயத்தமாவதை ஹார்வர்டு சர்வகலாசாலையின் வால்டர் கானன் விளக்கி 1915-ல் நூல் எழுதினார். இந்த ஆயத்த நிலை நீண்ட காலம் நீடித்தால் உடலே பழுதடையும் என்பதை மான்ட்ரியாலில் ஹான்ஸ் ஸெல்யே 1936 முதல் எடுத்துக்காட்டி வந்தார்.

தொந்தரவு என்னவென்றால், நமது நரம்புகளுக்குப் புலியின் உறுமலுக்கும், "யார் இந்த ஊசியை இங்கே வைத்தது?" என்னும் அதட்டலுக்கும் அதிக வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டுக்கும் ஒரே படபடப்புத்தான். புலி சிறிது நேரத்தில் போய்விடும். வார்டு மறுநாளும் இருக்கும். ஆகவே மாலையில் ஹாஸ்டலுக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்த பிறகும் தோள்கள் இறங்குவதில்லை, தாடை தளர்வதில்லை. உடல் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. தறியில் பாவு நூல் இறுக்கமாக இருந்தால்தான் நெசவு நடக்கும் என்பதை நம் பக்கத்தார் அறிவார்கள். ஓயாமல் அளவுக்கு மீறி இறுக்கினால் நூல் அறும் என்பதையும் அவர்களே அறிவார்கள்.

இறுக்கித் தளர்த்தும் முறை

இனிப் பயிற்சிகளைப் பார்ப்போம். நர்ஸிங் கலாசாலைகளில் அதிகமாக வழங்குவது எட்மண்ட் ஜேகப்ஸன் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்த முறை. தசையில் எழும் மிக நுண்ணிய மின்சாரத்தைக் கருவிகொண்டு அளந்தவர் அவர். கையை அசைப்பதாக மனத்தில் நினைத்தாலே கைத் தசை சிறிது சுருங்குகிறது என்று கண்டார். அப்படியானால் தசையை முற்றும் தளரவிட்டால் மனத்தின் பரபரப்பும் அடங்கவேண்டுமல்லவா? இந்த அடிப்படையில் தம் முறையை விவரித்து 1929-ல் நூல் வெளியிட்டார். அவர் காலத்தில் கற்றுத்தேற மாதக்கணக்காகும். ஜோஸப் வோல்பி முதலியோர் பிற்பாடு அதைச் சுருக்கினார்கள்.

செய்முறை இதுதான். அமைதியான அறையில் படுத்துக்கொள்ளலாம். அல்லது நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். வலக்கை முஷ்டியை ஐந்து முதல் ஏழு விநாடி வரை இறுக்கிப் பிடிக்கவேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிஷம் அந்தக் கையில் உண்டாகும் உணர்ச்சியைக் கவனிக்கவேண்டும். அடுத்து மேல்கை, பிறகு இடக்கை. அதன்பின் நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், மார்பு, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாக இறங்கவேண்டும். எல்லாம் முடிய இருபது நிமிஷம் போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பலத்தைக் காட்டி இறுக்குவது பயிற்சியின் நோக்கமன்று. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள பேதத்தை அறிவதே நோக்கம். நமது தோள் காதுவரை ஏறியிருப்பதே நமக்குத் தெரியாதபோது அதை எப்படி இறக்குவது? சில வாரம் பழகியவளுக்கு வார்டில் நடக்கும்போதே அது தெரிந்துவிடுகிறது. கெண்டைக்காலை அதிகம் இறுக்கினால் குரக்களி பிடிக்கும். அடிபட்ட உறுப்பையோ அறுவை நடந்த இடத்தையோ இறுக்கலாகாது.

தன் மூச்சை எண்ணுதல்

நர்ஸ் மாணவி முதலில் கற்கும் வேலைகளுள் ஒன்று, நோயாளியின் உஷ்ணம், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்து எழுதுவது. வயது வந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு விடுவது இயல்பு என்று அவள் எழுதியும் படித்தும் இருக்கிறாள். நாள் முழுவதும் பிறர் மூச்சை எண்ணுகிறவள், தன் மூச்சை ஒருமுறை எண்ணிப் பார்த்தாளா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட்டால், ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கையில் இருதயத் துடிப்புச் சற்று விரைகிறது; வெளியே விடுகையில் வேகஸ் நரம்பின் வேலையால் சற்று நிதானப்படுகிறது. இதற்குப் புத்தகச் சாட்சி வேண்டாம். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மூச்சு விட்டால் நம்மில் அநேகருக்கு அது விரல் நுனியிலேயே தெரியும். மூச்சை அடக்கித் திணற வேண்டியதில்லை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடவேண்டும்.

வார்டில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். சோப்பும் நீரும் கொண்டு கைகழுவ நாற்பது முதல் அறுபது விநாடி தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருக்கிறது. நர்ஸ் மாணவி ஒரு நாளில் எத்தனையோ முறை கைகழுவுகிறாள். அந்த அவகாசத்தில் நான்கு முதல் ஆறு நிதானமான மூச்சு விடலாம். தோளை இறக்கிவிடலாம், தாடையைத் தளர்த்தலாம். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போவதற்குமுன் கையோடு மனத்தையும் கழுவிக்கொண்டாற்போல் ஆயிற்று.

நம் வீட்டுச் சொத்து

சவாசனத்தை நம்மவர் அறிவார்கள். தரையில் மல்லாந்து அசைவற்றுக் கிடப்பது களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்னும் பழைய நூல் சொல்கிறது. யோகப் பயிற்சிகளை விஞ்ஞானக் கருவிகொண்டு சோதிக்க சுவாமி குவலயானந்தர் 1924-ல் லோனாவ்லாவில் ஆசிரமம் அமைத்தார். பம்பாயில் டாக்டர் தாத்தேயும் அவர் சகாக்களும் இரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனம் பழக்கி, அழுத்தம் குறைந்ததை 1969-ல் வெளியிட்டார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்ஸன், கண்ணை மூடி ஒரு சொல்லை மூச்சோடு திரும்பத் திரும்பச் சொல்லிவந்தாலே உடல் தணிகிறது என்று 1975-ல் எழுதினார். குறுக்கே வரும் எண்ணத்தோடு சண்டை போடாமல் மறுபடியும் அந்தச் சொல்லுக்குத் திரும்பவேண்டும்; அவ்வளவுதான். ஒருத்தி முருகன் பெயரைச் சொல்லலாம். மற்றொருத்தி ஏசுவின் பெயரையோ அல்லாஹ்வின் பெயரையோ சொல்லலாம். எதுவும் வேண்டாதவள் 'ஒன்று' என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. முன்னோர் கண்டதை நாம் தினந்தோறும் செய்யவில்லை என்பதை ஞாபகப்படுத்தவே சொல்கிறோம்.

எவ்வளவு பலிக்கும்?

தமிழ்நாட்டு நர்ஸிங் கலாசாலைகளில் மேல்பட்டத்துக்குப் படிக்கிறவர்கள், தங்கள் ஆராய்ச்சிக்கு இந்தப் பயிற்சிகளையே அடிக்கடி எடுத்துக்கொள்கிறார்கள். மாணவிகளில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி தந்து, முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து அளப்பது வழக்கம். இங்கும் பிற தேசங்களிலும் நடந்த இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவை, பயிற்சி பெற்றவர்களின் பதற்றம் குறைந்ததாகவே தெரிவிக்கின்றன. ஆனால் அநேக சோதனைகள் சிறு தொகையினரிடம், சில வாரங்களே நடந்தவை. வருஷக்கணக்கில் பலன் நிற்கும் என்று அவற்றைக்கொண்டு உறுதி கூறுவதற்கில்லை. பயிற்சியை விட்டால் பலனும் போய்விடும் என்று எண்ணிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சிலருக்குக் கண்ணை மூடி அசையாமல் இருந்தால் மனம் அதிகமாகக் கலங்குவதும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம். அல்லது நடந்துகொண்டே மூச்சை எண்ணலாம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, 'வாழ்ந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை காணப்பட்டால், அது மூச்சுப் பயிற்சியோடு நிற்கவேண்டிய விஷயமல்ல, வைத்தியரிடம் போகவேண்டும். மத்திய சர்க்கார் 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் டெலிபோன் செய்யலாம்; தமிழிலேயே பேசலாம்.

யார் என்ன செய்யவேண்டும்?

ஓர் ஆட்சேபம் இருக்கிறது. "வேலையைக் குறைக்காமல் மூச்சை மட்டும் எண்ணச் சொல்வது, சுமையை இறக்காமல் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவது போலல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆள் பற்றாத வார்டில் மாணவியைக் கூலியில்லா வேலையாளாக நிறுத்திவிட்டு, "நீ யோகம் செய்" என்று உபதேசிப்பது தர்மமாகாது. ட்யூட்டி நேரத்துக்கு ஒரு வரம்பு, இரவு ட்யூட்டிக்குப் பின் தூக்கத்துக்கு அவகாசம், தவற்றைத் தனியே அழைத்துத் திருத்தும் பண்பு, முதல் மரணத்தைப் பார்த்த பெண்ணோடு ஒரு மூத்தவர் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு ஆகியவை முதலில் வேண்டும். இவற்றைக் கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கலாசாலையில் சேர்க்கும்போதே கேட்கவேண்டும்.

இவ்வளவும் கிடைத்த பிறகும் நோயும் மரணமும் இருக்கத்தான் செய்யும்; அவற்றின் அருகில் நிற்பதே அந்தத் தொழில். ஆகவே பயிற்சியும் வேண்டும். கட்டுப் போடக் கற்பிக்கும் அதே மேஜையருகே, வாரத்தில் இரண்டு முறையாவது அரை மணி இதற்கென்று ஒதுக்கவேண்டும். ட்யூட்டி முடிந்த பிறகு சொந்த நேரத்தில் செய்துகொள் என்றால், அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வந்த பெண்ணிடம் மார்க்கையும், மேல்நாட்டு வேலை எப்போது கிடைக்கும் என்பதையும் முதல் நாளே விசாரிக்க வேண்டாம். பக்கத்து வீட்டாருக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி அவளை உட்கார வைக்கவும் வேண்டாம். மாலையில் இருபது நிமிஷம் அவள் கதவைச் சாத்திக்கொண்டால், தம்பி தங்கைகள் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அவள் அங்கே ஒரு பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் நன்றாகப் படித்தால், என்றோ ஓர் இரவில் நம் கட்டிலருகே வந்து நிற்கும்போது அவள் கை நடுங்காது.